பேணுதலும் பணிதலும்

பழமை பேணுபவன் என்று ஒருவனைக் குறிப்பிட்டால், அதை ஏச்சாகக் கொள்வாரும் உளர். பாராட்டாகக் கொள்வாரும் உளர். மேடையில் பேசுவோர் அச்சொல்லைப் பெரும்பாலும் ஏச்சாகவே வழங்குகின்றனர். அத்தகைய மனிதர் உண்மையில் எதைப் பேணுகிறார் என்று வினவுவோர் சிலரே.

பேராக் மாநிலத்தில் அவரைக் காண நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஈப்போவின் புந்தோங் வட்டாரத்திலும் சுங்கை சிப்புட் பட்டணத்தைச் சூழ்ந்த குடியிருப்புகளிலும் தெருவுக்கு ஒருவராக அவர் வாழ்கிறார். ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். தோட்டம் செம்பனைக்கு மாறியபோதோ, வீடமைப்புக்கென விற்கப்பட்டபோதோ மூட்டை முடிச்சுகளோடு நகர்ப்புறம் வந்து சேர்ந்தவர். வைகறையில் எழும் பழக்கம், பால் வெட்டும் தொழில் போன பின்னும் அவரை விட்டுப் போகவில்லை. கடன் வாங்கக் கூசுவார். பெரியோர் எதிரில் உரத்துப் பேசமாட்டார். தேர்தல்தோறும் தவறாமல் வாக்களிப்பார். பிள்ளைகள் தெருவில் இறங்கிக் கொடி பிடிப்பதை விரும்பமாட்டார். ‘அரசாங்கத்தைப் பகைத்து என்ன கண்டோம்? இருப்பதைக் காப்பாற்றிக்கொள்வோம்’ என்பது அவருடைய அரசியல் முழுவதையும் அடக்கிய வாசகம்.

இவ்வாசகத்தை இளையோர் எள்ளி நகையாடுகின்றனர். அது முறையன்று. வீட்டில் ஒழுங்கும், சேமிப்பும், சொன்ன சொல் தவறாமையும், வழிபாடும், தாய்மொழிப் பற்றும் அவருடைய காவலில்தான் மூன்று தலைமுறைகளைக் கடந்து வந்துள்ளன. பேராக்கில் இன்றும் நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இயங்குகின்றன எனின், புரட்சி பேசியவர்கள் மட்டுமே அவற்றை நிலைநிறுத்தவில்லை. ஆண்டுதோறும் சனவரியில் தம் பிள்ளையின் கையைப் பிடித்து அப்பள்ளியின் வாயிலுக்கு அழைத்துச் சென்ற இந்த ஆரவாரமற்ற மனிதர்களும் நிலைநிறுத்தினர். ஆகவே அவருக்கு உரிய மதிப்பை முதலில் அளித்துவிட்டே, அவருடைய வாசகத்தை ஆராய வேண்டும்.

‘இருப்பதைக் காப்பாற்றிக்கொள்வோம்’ என்கிறார். இருப்பது எது?

இறைமாட்சியைச் சொல்லவந்த வள்ளுவர், பொருள் வரும் வழிகளை உண்டாக்குதலை முதலில் வைத்தார். வந்ததைச் சேர்த்தலை அடுத்து வைத்தார். காத்தலை மூன்றாவதாகவே வைத்தார். அதற்குப் பின்னும் வகுத்தல் என ஒன்றை வைத்தார். வகுப்பறையில் இக்குறளைப் பொருள்கோளுக்காக மட்டும் நடத்திவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. வரிசை முறையிலேயே ஓர் அரசியல் அறம் பொதிந்துள்ளது. ஈட்டாததைக் காத்தல் இயலாது. காத்ததோடு நின்றுவிடுதலும் நிறைவாகாது. இங்கிலாந்தில் பழமை பேணும் கொள்கைக்குத் தந்தை எனப்படும் எட்மண்டு பர்க் 1790ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் புரட்சியை எதிர்த்து நூல் எழுதியபோது, அவர் நாட்டவர்க்குக் காப்பதற்கு நாடாளுமன்றம் இருந்தது, நிலம் இருந்தது, நெடுங்கால உரிமைகள் இருந்தன. தோட்டத்துத் தமிழருக்கு என்ன இருந்தது? குடியிருந்த லயம் கம்பெனிக்குச் சொந்தம். வெட்டிய மரம் கம்பெனிக்குச் சொந்தம். மருத்துவமனையும் பள்ளிக்கூடமும் துரையின் தயவு. வேலை நின்றால் வீடும் நின்றது. ஒன்றுமே தனக்கென இல்லாத ஒருவர், இருப்பதைக் காப்போம் என்று கூறுவாராயின், அவர் காப்பது பெரும்பாலும் பிறருடைய உடைமையாகவே இருக்கும். இந்த முரணை அவருக்கு எவரும் எடுத்துரைக்கவில்லை.

தோட்டம் தனக்கென ஒரு மரபை வளர்த்திருந்தது. துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்பது அம்மரபில் ஒன்று. கிராணிக்கும் கங்காணிக்கும் முன்னே கைகட்டி நிற்பது மற்றொன்று. சம்பள நாளில் கள்ளுக்கடை திறந்திருப்பதும் மரபே. காலப்போக்கில் இவையெல்லாம் ‘நம் வழக்கம்’ என்னும் பெயரைப் பெற்றன. கோவில் திருவிழாவும் கைகட்டி நிற்றலும் ஒரே மூட்டையில் கட்டப்பட்டன. மூட்டையைச் சுமந்தவர் எது தம் பாட்டன் கொடுத்தது, எது கம்பெனி கொடுத்தது என்று பிரித்துப் பார்க்கவில்லை. பேணுதல் வேறு, பணிதல் வேறு. இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும் என்பதுதான் இதிலுள்ள இடர்.

இவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்ளப் பேராக்கின் எல்லையைச் சற்றே தாண்டி, சிலாங்கூர் மாநிலத்துக் கிள்ளான் வட்டாரத்தை நோக்க வேண்டும். 1941ஆம் ஆண்டு அவ்வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டது. பத்திரிகையாளர் ஆர்.எச். நாதன் அதன் முன்னணியில் நின்றார். கூலி உயர்வு மட்டுமே அங்கே கேட்கப்படவில்லை. துரைமார் முன் சைக்கிளை விட்டு இறங்கும் கட்டாயம் ஒழிய வேண்டும், பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும், பெண்களிடம் தகாத முறையில் நடப்பது நிற்க வேண்டும், கள்ளுக்கடைகள் மூடப்பட வேண்டும் என்பனவும் கோரிக்கைகளில் அடங்கின. இவற்றைக் கூர்ந்து நோக்குக. குடியை ஒழித்தல், பெண்ணின் மானம் காத்தல், பிள்ளைக்குக் கல்வி அளித்தல்: இவற்றினும் பழமை சார்ந்த விழுமியங்கள் யாவை? இவற்றைக் கேட்டவர்கள் கலகக்காரர்கள் எனப்பட்டனர். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார், படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிர் துறந்தனர். ‘நமக்கேன் வம்பு’ என்று அன்று ஒதுங்கியிருந்தோர் பழமையைப் பேணியவர்கள் எனப்பட்டனர். எத்தரப்பார் உண்மையில் பேணினர் என்பதை மாணவர்களே சீர்தூக்கலாம்.

எனினும் ஒதுங்கியவரைக் கோழை என்று தள்ளிவிடுவதும் நேர்மையாகாது. அவருடைய அச்சத்துக்கு நாள் உண்டு, இடம் உண்டு. 1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் அருகே இரு தோட்டங்களில் ஐரோப்பியத் தோட்டக்காரர் மூவர் கொலையுண்டனர். அதைத் தொடர்ந்து அவசரகாலம் பிறந்தது. அடுத்த ஆண்டு மே மாதம் தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி, ஆயுதம் வைத்திருந்த குற்றத்துக்காகக் கோலாலம்பூரில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முதல்நாள்தான் மற்றொரு தொழிற்சங்கத் தலைவர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். முள்வேலியும் ஊரடங்கும் உணவுக் கட்டுப்பாடும் அன்றாட வாழ்வாயின. அந்நாளில் பிள்ளை பெற்ற தாய், ‘வாயை மூடிக்கொண்டு இரு’ என்பதை அப்பிள்ளைக்குத் தாலாட்டோடு சேர்த்தே ஊட்டினாள். அச்சம் ஒரு தலைமுறையில் காரணத்தோடு வரும். அடுத்த தலைமுறையில் காரணம் மறைந்து குணமாக நிற்கும். பேராக்கின் பழைய தோட்டக் குடும்பங்களில் காணும் அடக்கத்தில் ஒரு பகுதி பண்பாடு. மற்றொரு பகுதி மறந்துபோன அந்த அச்சம்.

அச்சத்தோடு அசைவின்மையும் சேர்ந்ததன் விலை பின்னர்த் தெரிந்தது. 1957இல் நாடு விடுதலை பெற்றது. குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வாய்ப்பு இருந்தும் தோட்டத்தில் பலர் விண்ணப்பிக்கவில்லை. எழுத்தறியாமை ஒரு காரணம். பிறப்புச் சான்று இல்லாமை மற்றொன்று. ஊருக்குத் திரும்பிவிடலாம் என்னும் கனவும் ஒன்று. இவற்றுக்கெல்லாம் அடியில், ‘துரை இருக்கிறார், தோட்டம் இருக்கிறது, இந்தத் தாள் எதற்கு?’ என்ற எண்ணமும் இருந்தது. நேற்று இருந்தது நாளையும் இருக்கும் என்று நம்புவதே பழமைப் பற்று என அவர் கருதினார். துரை கப்பலேறினார். குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய உரிமம் பெற வேண்டும் என்னும் சட்டம் 1968இல் வந்தது; 1969ஆம் ஆண்டின் மே கலவரத்துக்குப் பின்னர் அது கண்டிப்புடன் நடைமுறைக்கு வந்தது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர்கள், தாம் பிறந்து வளர்ந்து மரம் வெட்டிய மண்ணிலேயே அயலாராயினர். பல்லாயிரவர் இந்தியாவுக்குக் கப்பலேறினர். சட்டத்தை ஒருநாளும் மீறாதவர்கள், வேலைநிறுத்தம் செய்யாதவர்கள், துரையின் முகம் கோணாது நடந்தவர்கள் பலர் அவர்களுள் இருந்தனர். பணிவு அவர்களைக் காக்கவில்லை. ஒரு தாளில் பெயரெழுதிக் கைந்நாட்டு வைக்கும் சிறு முயற்சி காத்திருக்கக்கூடும்.

இதே காலத்தில், இதே பேராக்கிலிருந்து, பேணுதலின் மற்றொரு முகமும் வெளிப்பட்டது.

துன் வீ.தி. சம்பந்தன் 1919இல் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். அவர் தந்தை வீரசாமி தொழிலாளியாக மலாயா வந்து, பின்னர் ரப்பர்த் தோட்ட உரிமையாளராக உயர்ந்தவர். மகன் கோலகங்சாரிலும் பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பயின்றார். 1955இல் மலாயா இந்தியக் காங்கிரசின் தலைவரானார். அமைச்சராகப் பல துறைகளை வகித்தார். எவ்வகையில் நோக்கினும் அவர் பழமை பேணும் அரசியலாளரே. கூட்டணிக்குள் அமர்ந்து, குரலை உயர்த்தாமல் கேட்டுப் பெறுவதே அவர் வழி. அவ்வழியை மென்மை என்று பலர் குறை கூறினர். அக்குறையில் உண்மை இல்லாமலும் இல்லை. அரசியலரங்கில் அவர் பெற்றுத் தந்தது போதுமா என்னும் வினா இன்னும் முடிந்தபாடில்லை.

ஆயினும், தோட்டத் துண்டாடல் என்னும் பேரிடர் வந்தபோது அவர் செய்தது தனித்து நோக்கத்தக்கது. ஐம்பதுகளிலும் அறுபதுகளின் தொடக்கத்திலும் வெள்ளைக்கார உரிமையாளர்கள் தோட்டங்களை விற்றனர். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி விற்றனர். ஒவ்வொரு துண்டாடலிலும் வேலை போயிற்று, லயம் போயிற்று, கோவிலும் பள்ளியும் அனாதையாயின. அரசிடம் முறையிடலாம்; முறையிட்டார்கள். சம்பந்தன் அதனோடு நிற்காமல், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தோட்டம் தோட்டமாகச் சென்று, பத்து வெள்ளி கொடுங்கள், நாமே தோட்டம் வாங்குவோம் என்று தொழிலாளரிடம் கேட்டார். அவர் துணைவியார் உமாசுந்தரி அம்மையாரும் உடன் சென்றார். நாட்கூலியில் வாழ்ந்த குடும்பத்துக்குப் பத்து வெள்ளி சிறு தொகையன்று. அரிசிக் கடனும் துணிக் கடனும் போக எஞ்சிய காசு அது. அதை எடுத்து, முகமறியாத ஒரு சங்கத்தின் கையில் கொடுக்க எத்துணை நம்பிக்கை வேண்டும்! கொடுத்தார்கள். கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. பின்னர் ஒன்றன்பின் ஒன்றாகப் பல தோட்டங்கள் சங்கத்தின் கைக்கு வந்தன. 1973இல் கட்சித் தலைமையைத் துறந்த பிறகும், 1979இல் மறையும்வரை சம்பந்தன் அச்சங்கத்தை விட்டு விலகவில்லை.

இச்செயலைப் புரட்சி என்று எவரும் சொல்லமாட்டார். சிக்கனம், கூட்டுப் பொறுப்பு, சொத்துரிமை, வாக்குறுதியில் நம்பிக்கை ஆகியவை பழைய விழுமியங்களே. ஆனால் வள்ளுவர் வகுத்த வரிசை இங்கே சரியாக அமைந்தது: முதலில் ஈட்டினர், பிறகே காத்தனர். தனக்கென ஒரு பங்கு உடையவன் ‘இருப்பதைக் காப்போம்’ என்று சொல்லும்போது அச்சொல்லுக்கு முதன்முறையாகப் பொருள் பிறக்கிறது.

இதற்கும் மறுப்பு உண்டு. சங்கம் தோட்டத்தைக் காத்தது. அதோடு, மரம் வெட்டிக் கூலி வாங்கும் வாழ்வையும் சேர்த்துக் காத்துவிடவில்லையா? பங்குதாரராகிய தொழிலாளி காலையில் அதே வாளியோடும் அதே உளியோடும் அதே நிரைக்குத்தானே சென்றார்? இம்மறுப்பு எளிதில் தள்ளத்தக்கதன்று. காத்தலோடு நின்று வகுத்தலுக்குச் செல்லத் தயங்கும் நோய் எல்லாப் பழமைப் பற்றிலும் உண்டு. தமிழகத்திலிருந்து ஒரு சான்று காட்டலாம். 1959இல், எண்பதாம் வயதில், சுதந்திராக் கட்சியைத் தொடங்கி அரசின் மட்டற்ற அதிகாரத்தை எதிர்த்து நின்ற இராஜாஜியின் துணிவைப் போற்றாதார் இல்லை. அவரே 1953இல், மாணவர் அரைநாள் பள்ளியிலும் அரைநாள் பெற்றோர் தொழிலிலும் பழகவேண்டும் என்னும் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்து, குலக்கல்வி என்னும் பழிக்கு ஆளானார், பதவி விலகினார், அடுத்து வந்த காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார். உரிமையைக் காப்பதும் தளையைக் காப்பதும் ஒரே மனிதரிடம் ஒருங்கே இருக்கக்கூடும். தோட்டத்தின் பிள்ளைக்குத் தோட்டமே போதும் என்று யாரேனும் கருதியிருப்பின், அதுவும் அவ்வகைத் தளையே. சம்பந்தனைப் பொறுத்தவரை, 1954இல் சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலை எழ அவர் ஆற்றிய பணியை நினைவிற்கொண்டால், அப்பழி அவர்மீது முழுமையாகப் பொருந்தாது.

ஈப்போவுக்கு வருவோம். சட்டத்தை மதிப்பவன் ஆட்சியை எதிர்க்கலாகாது என்னும் எண்ணம் தவறு என்பதை அந்நகரம் நெடுங்காலத்துக்கு முன்பே மெய்ப்பித்துவிட்டது. வழக்கறிஞர் டி.ஆர். சீனிவாசகமும் தமையனார் எஸ்.பி. சீனிவாசகமும் மக்கள் முற்போக்குக் கட்சியின் வழி ஈப்போ மக்களின் நம்பிக்கையைப் பெற்றிருந்தனர். டி.ஆர். சீனிவாசகம் கல்வி அமைச்சராயிருந்த அப்துல் ரஹ்மான் தாலிப்பின்மீது நாடாளுமன்றத்தில் ஊழல் குற்றம் சாட்டினார். அவைக்குள் பேசியதற்கு வழக்கில்லை. அதே குற்றச்சாட்டை அவைக்கு வெளியிலும் துணிந்து கூறினார். அமைச்சர் வழக்குத் தொடுத்தார், தோற்றார், பதவி விலகினார். இதில் கல்லெறிதல் இல்லை, தீவைத்தல் இல்லை. நீதிமன்றம் என்னும் பழைய நிறுவனத்தின்மீது ஒருவர் வைத்த நம்பிக்கையும், அந்நம்பிக்கைக்காகத் தம் செல்வத்தையும் பெயரையும் பணயம் வைக்கும் துணிவும் மட்டுமே இருந்தன. நிறுவனங்களை மதிப்பதென்பது அவற்றின் வாயிலில் கைகட்டி நிற்பதாகாது. அவை செய்ய வேண்டிய பணியைச் செய்யுமாறு கேட்பதாகும். 1969இல் அவர் மறைந்தார். ஈப்போவில் ஒரு பூங்கா அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

புந்தோங் முதியவர் இவற்றையெல்லாம் கேட்டால் மறுக்கமாட்டார். ‘அந்நாளில் தலைவர்களுக்குச் சொல் ஒன்றாயிருந்தது’ என்பார். இங்கேதான் அவருடைய தனிவாழ்வும் நாட்டு அரசியலும் சந்திக்கின்றன. தமிழில் வாக்கு என்பது சொல்லையும் குறிக்கும். தேர்தலில் இடும் வாக்கையும் குறிக்கும். மொழி தற்செயலாகச் செய்த இணைப்பாக இருக்கலாம். முதியவர்க்கு அது தற்செயலன்று. வாக்குக் கொடுத்தால் மாறலாகாது என்று வளர்ந்தவர் அவர். 2008 மார்ச்சுத் தேர்தலில் பேராக்கின் ஆட்சி மாறியது. 1974 முதல் சுங்கை சிப்புட்டைத் தம் கையில் வைத்திருந்த ச. சாமிவேலுவும் அத்தேர்தலில் தோற்றார். நெடுநாள் பழக்கத்தை மாற்றிக்கொண்டு வாக்களித்த முதியோர் அன்று பலர் இருந்திருக்க வேண்டும். ஓராண்டு முழுமையாகச் செல்வதற்குள், 2009 பிப்ரவரியில், சட்டமன்ற உறுப்பினர் மூவர் தம் அணியை விட்டு விலகினர், ஆட்சி கவிழ்ந்தது. அவ்வாண்டு மே மாதம் 7ஆம் நாள், சபாநாயகர் வ. சிவகுமார் இருக்கையிலிருந்து அகற்றப்பட்டு, அவையை விட்டு வெளியே இழுத்துச் செல்லப்பட்டார். மந்திரி புசார் யார் என்னும் வழக்கு 2010இல் கூட்டரசு நீதிமன்றத்தில் முடிவுற்றது. சட்டப்படியான விடை கிடைத்தது. வாக்களித்தவரின் வாக்கு என்னவாயிற்று என்னும் வினாவுக்கு நீதிமன்றம் விடை கூற இயலாது.

அரசையும் அரண்மனையையும் நீதிமன்றத்தையும் சட்டமன்றத்தையும் ஒருசேர மதித்த மனிதருக்கு அந்த மாதங்கள் எத்துணைக் குழப்பத்தைத் தந்திருக்கும் என்பதை இளையோர் உணர்வதில்லை. கிளர்ச்சி மனம் படைத்தவனுக்கு அது மற்றுமொரு போராட்டம். பழமை பேணுபவருக்கோ, தாம் பேணியவை ஒன்றோடொன்று மோதக் கண்ட வேதனை. அத்தகைய நேரத்தில் எதன் பக்கம் நிற்பது? ‘மேலிடம் சொன்னால் சரி’ என்று அடங்கியவரும் இருந்தனர். சொல் மாறியவரை மன்னிக்கலாகாது என்று உள்ளத்தில் எழுதிக்கொண்டவரும் இருந்தனர். பின்னவரே பழைய விழுமியத்துக்கு அண்மையில் நின்றார் எனல் பொருந்தும். மேலிடம் மாறும், சொல் தவறாமை மாறாது.

இவ்விடத்து, அம்முதியவரின் வீட்டையும் ஒருமுறை எட்டிப் பார்த்தல் தகும். நாட்டில் ஒழுங்கு வேண்டும் என்பவர், தம் இல்லத்தில் அவ்வொழுங்கின் சுமை யார் தோளில் உள்ளது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. தோட்டத்தில் ஆணுக்கு நிகராக நிரை எடுத்து மரம் வெட்டியவள், வீடு திரும்பிச் சமைத்தவள், கழுத்து நகையை அடகுக்கு வைத்துப் பிள்ளைக்குப் பள்ளிச் சீருடை வாங்கியவள் அவருடைய மனைவியே. சிக்கனம் என்று அவர் பெருமையோடு சொல்லும் பண்பில் பெரும்பகுதி அவளுடைய பட்டினி. கட்சிக் கிளைக் கூட்டங்களில் அவள் தேநீர் கலந்தாள். தீர்மானம் எழுதப்பட்டபோது அடுக்களையில் இருந்தாள். எது காக்கத் தகுந்தது என்னும் வினாவை அவளிடமும் கேட்டிருந்தால், கள்ளுக்கடைக்கு முதலில் பூட்டு விழுந்திருக்கும்.

கட்சி தாவுதலைத் தடுக்கும் அரசியலமைப்புத் திருத்தம் 2022 ஜூலையில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அவ்வாண்டு அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. கட்சியை விட்டுத் தாவும் உறுப்பினர் தம் இடத்தை இழப்பார். பேராக் மக்கள் 2009இல் கற்ற பாடம் பதின்மூன்று ஆண்டுகள் கழித்துச் சட்டமாயிற்று என்று கொள்ளலாம். ஆனால் கட்சியே முழுமையாக அணி மாறினால் அச்சட்டம் தடுக்காது. உறுப்பினரைக் கட்சி நீக்கிவிட்டாலும் அவர் இடம் போகாது. அடுத்த மாதமே, நவம்பர் 19ஆம் நாள், பொதுத்தேர்தல் வந்தது. சட்டத்தின் இந்த இடைவெளிகளை நாளேட்டில் படித்துவிட்டு வாக்குச் சாவடிக்குச் சென்ற முதியோரும் இருந்திருப்பர். இம்முறை யாருக்கு என்று பேரன் கேட்டிருந்தால், வழக்கம்போல் பழைய சின்னத்தின் பெயரைச் சொல்லாமல், விரலில் மை காயும்வரை அவர்கள் சற்றுநேரம் யோசித்திருக்கவும் கூடும்.